ஜனவரி 26: ஒரே தேதி, பல கதைகள்

(பாம்பனில் குடியரசு நாள் மாலையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, காலையிலேயே கொடியேற்றி மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டு முடித்துவிட்ட தம்பி தங்கைகளே, வணக்கம்.

‘வரலாற்றில் இன்று’ என்று தினமும் கைப்பேசியில் ஒரு பட்டியல் வந்து விழுகிறது. இன்னார் பிறந்தார், இன்னார் இறந்தார், எங்கோ ஒரு போர் முடிந்தது. படித்ததும் நமக்கு ஒரு புல்லரிப்பு. ‘பாருங்கள், எல்லாம் ஒரே நாளில்!’ அதில் அதிசயப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அதில் இரண்டு பேருக்காவது பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். கணக்குப் பாடம் சொல்வது அது. இந்தப் பந்தலில் அதைவிடப் பல மடங்கு கூட்டம் இருக்கிறது. மூவாயிரம் வருட வரலாற்றை 365 பெட்டியில் அடைத்தால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும்.

ஆகவே நான் கேட்க விரும்புவது வேறு. இந்தத் தேதி தற்செயலாக அமைந்ததா, யாராவது உட்கார்ந்து யோசித்து வைத்ததா? நம் பாம்பன் சாலைப் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தது 1988 அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி அன்று பாலம் திறப்பது தற்செயல் அல்ல. அதே அக்டோபர் 2ஆம் தேதி, 1975இல் காமராஜர் கண்ணை மூடினார். அந்த நாளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பசும்பொன் தேவர் 1908 அக்டோபர் 30 பிறந்து 1963இல் அதே அக்டோபர் 30 மறைந்தார். அதுவும் அப்படித்தான். இரண்டு வகையையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, இன்றைய தேதிக்கு வருவோம்.

1897 ஜனவரி 26, செவ்வாய்க்கிழமை. அப்போது இங்கே பாலம் ஏது? ரயில் பாலம் திறந்ததே 1914இல்தான். தீவுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் கடல்வழிதான். அன்று பிற்பகல் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர் விவேகானந்தர். சிகாகோவில் பேசி, அமெரிக்காவும் இங்கிலாந்தும் சுற்றி, கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாக ஊர் திரும்புகிறார். அவர் முதலில் கால் வைத்த இந்திய மண் சென்னையோ கல்கத்தாவோ அல்ல, நம் பாம்பன்.

குந்துகாலுக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். எதிரே குருசடைத் தீவு, தென்கடல் பக்கம். கடலில் இருந்த கப்பலிலிருந்து அவரை இறக்கிக்கொண்டு வந்தது சேதுபதி மன்னரின் படகு. வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. சிகாகோவுக்குப் போகச் சொல்லித் தூண்டியவர்களில் அவரும் ஒருவர். அதனால் அந்த வரவேற்பில் மரியாதையோடு ஓர் உரிமையும் இருந்தது. சாமியாரை வண்டியில் ஏற்றியதும் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். ஜனங்கள் வடம் பிடித்ததுபோல் வண்டியை இழுத்தார்கள். இழுத்தவர்களில் மன்னரும் இருந்தார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

மறுநாள் ராமேசுவரம் கோயிலில் விவேகானந்தர் பேசினார். கல்லில் மட்டும் சிவனைப் பார்க்கிறவன் பூசை தொடக்கப் பூசைதான். ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைப் பார்க்கிறவன்தான் உண்மையாகப் பூசை செய்கிறான் என்பது அந்தப் பேச்சின் சாரம். கேட்ட மன்னர் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார். அப்புறம் ராமநாதபுரத்தில் நடந்த கூட்டத்தில், சுவாமி வந்ததன் நினைவாகச் சென்னைப் பஞ்ச நிவாரண நிதிக்குப் பணம் திரட்டலாம் என்று அவரே முன்மொழிந்தார். பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். ஆளுயரக் கட்அவுட் வைக்கிற நம் காலத்துக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மன்னர் ஒரு நினைவுத் தூணும் நிறுத்தினார், 40 அடி உயரம். அதில் பொறித்த வாசகம் ‘சத்தியமேவ ஜயதே’ என்று தொடங்கியது. இந்த இரண்டு சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 1930. அதற்கு முந்தைய டிசம்பரில் லாகூர் காங்கிரசில், நேரு தலைமையில், முழு விடுதலைதான் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நாடு முழுக்க உறுதிமொழி எடுக்க ஒரு நாள் வேண்டும். ஜனவரியின் கடைசி ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அந்த வருடம் அது 26ஆம் தேதி. அவ்வளவுதான் சங்கதி. ராகுகாலம் எமகண்டம் யாரும் பார்க்கவில்லை. வருடாவருடம் அதே தேதியில் கொடியேற்றி, அடிவாங்கி, சிறைக்குப் போய்ப் போய்த்தான் அந்தத் தேதிக்கு மதிப்பு வந்தது.

அந்த மதிப்புக்காகத்தான் 1949 நவம்பர் 26 ஏற்கப்பட்ட அரசியலமைப்பு, முழுதாக நடைமுறைக்கு வர இரண்டு மாதம் காத்திருந்து, 1950 ஜனவரி 26 அன்று வந்தது. குடியரசுப் பிரகடனத்தை வாசித்தவர் கடைசி கவர்னர் ஜெனரல் ராஜாஜி. 1930இல் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்து போன அதே மனிதர். அன்றே சாரநாத் சிங்க முகப்பு அரசு இலச்சினை ஆனது. அதன் கீழே எழுதியிருப்பது சத்தியமேவ ஜயதே. முண்டக உபநிடத வரி அது. 53 வருடம் முன்பு சுவாமி வந்து இறங்கியதன் நினைவாகச் சேதுச் சீமையில் கல்லில் ஏறியது, அவர் இறங்கிய அதே தேதியில் டெல்லியில் அரசு முத்திரையில் ஏறியது. யாரும் இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதவில்லை. இது சுத்தமான தற்செயல். ஆனாலும் ருசியான தற்செயல், ஒத்துக்கொள்கிறேன்.

2001இல் இதே நாள் காலை 8.46க்குக் குஜராத்தின் கட்ச் பகுதி குலுங்கியது. சுமார் இருபதாயிரம் பேர் மாண்டார்கள். அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகளும் இடிபாட்டில் சிக்கினார்கள். பூமிக்கு நாள்காட்டி கிடையாது.

ஆஸ்திரேலியாவுக்கும் இது தேசிய நாள்தான். 1788இல் 11 கப்பலில் கைதிகளோடு வந்த பிரிட்டிஷார் சிட்னியில் கொடி நட்ட நாள். அந்த மண்ணின் பூர்வகுடிகள், 150ஆவது ஆண்டு விழா நடந்த 1938 ஜனவரி 26 அன்றே, சிட்னியில் கூடி அதைத் துக்க நாள் என்று அறிவித்தார்கள்.

நமக்கும் அந்த வார்த்தை புதிதல்ல. அரசியலமைப்பு ஆங்கிலத்துக்கு 15 வருடம் கெடு வைத்திருந்தது. கெடு முடிந்து இந்தி மட்டும் ஆட்சிமொழியாக வேண்டிய நாள் 1965 ஜனவரி 26. திமுக அதைத் துக்க நாள் என்றது. முதல் நாளே மதுரையில் மாணவர் ஊர்வலம் கலவரமானது. அண்ணாவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். 26ஆம் தேதி சென்னையில் கோடம்பாக்கம் சிவலிங்கம் தீக்குளித்தார். பிரகடனம் வாசித்த ராஜாஜியே இந்தத் தடவை இந்தித் திணிப்புக்கு எதிர்ப்பக்கம் நின்றார். பிப்ரவரியில் பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்த பிறகுதான் சூடு தணிந்தது.

தமிழ்நாடு முழுக்க இதே பேச்சாக இருந்தபோது இந்தத் தீவுக்கு வேறு துக்கம் இருந்தது. தனுஷ்கோடி புயலில் அழிந்துபோய் ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு 11.55க்கு இங்கிருந்து கிளம்பிய ரயில் கரை சேரவில்லை. நடந்தது நள்ளிரவைத் தாண்டி என்பதால் ஒருவர் 22 என்பார், ஒருவர் 23 என்பார். நம் வீடுகளில் ‘புயல் அடிச்ச ராத்திரி’ என்றாலே போதும். ரயில் பாலத்தில் விழுந்த இரும்பு உத்தரங்களைச் சரிசெய்து, ஶ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் மறுபடி ரயிலை ஓட்டிய கதை புத்தகங்களில் இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து வந்து ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் ஒண்டிக்கொண்ட குடும்பங்களுக்கு அந்தக் குடியரசு நாள் எப்படிக் கழிந்தது என்பதைப் புத்தகம் சொல்லாது. அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்தவர்கள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியம்மா, எழுந்து வர வேண்டாம், மைக்கை அங்கேயே கொண்டு வருகிறோம். இனி நீங்கள் பேசுங்கள்.