கான்டன்: ஒரு மாகாணத்தின் பெயர் நகரத்துக்குப் போன கதை

அவையோருக்கு வணக்கம். ஆங்கில வரலாற்று நூல்களைப் படிப்பவர்கள் ‘கான்டன்’ என்ற சீனப் பெயரைக் கடக்காமல் இருக்க முடியாது. அந்தப் பெயர் எதைச் சுட்டப் பிறந்தது, பின்னர் எதைச் சுட்டலாயிற்று என்பதைப் பற்றி மட்டுமே இன்று பேச விரும்புகிறேன்.

தென்சீனக் கடலோரத்தில் குவாங்டொங் என்னும் மாகாணம் உள்ளது. அதன் தலைநகரம் முத்து ஆற்றின் கரையிலுள்ள குவாங்சோ. ‘பரந்த’ என்று பொருள்படும் ‘குவாங்’ இரு பெயர்களுக்கும் பொது. ‘டொங்’ என்பது கிழக்கு. பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வந்த போர்த்துகீசியர், உள்ளூர் மக்களின் வாயில் ‘குவொங்துங்’ என்று ஒலித்த மாகாணப் பெயரைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக்கொண்டனர். ஆனால் அவர்களுடைய வாணிகம் எல்லாம் தலைநகரத்தைச் சுற்றியே நடந்ததால், மாகாணத்துக்குரிய பெயர் நகரத்தின்மேல் ஏறி அங்கேயே தங்கிவிட்டது. ஆங்கிலேயர் அதைக் ‘கான்டன்’ என்று வாங்கிக்கொண்டனர். வடக்கின் மாண்டரின் ஒலிப்பை வைத்து இப்பெயரைத் திரிபு என்று தள்ளுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அந்த மண்ணின் மக்கள் சொன்ன ஒலியே அதன் அடியில் இருக்கிறது. பிழை நேர்ந்தது ஒலியில் அன்று, சுட்டிய இடத்தில்தான்.

1757 முதல் 1842 வரை மேலைநாட்டுக் கப்பல்கள் வாணிகம் செய்யச் சீனப் பேரரசு திறந்து வைத்திருந்த ஒரே துறைமுகம் இது என்பதால், தேயிலையும் பட்டும் பீங்கானும் போன இடமெல்லாம் இப்பெயரும் போயிற்று. 1785இல் கான்டனிலிருந்து சரக்கேற்றி அமெரிக்காவின் பால்டிமோருக்கு வந்த கப்பல் தலைவர் ஜான் ஓடானல், அங்கு வாங்கிய நிலத்துக்கே அப்பெயரைச் சூட்டினார். அந்நகரில் இன்றும் ஒரு பகுதி கான்டன்தான்.

பெயரை நகரம் எடுத்துக்கொண்டபின், மாகாணத்துக்கு ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டல் தேவைப்பட்டது. சீன அஞ்சல் துறையின் முறைப்படி அது ‘குவாங்துங்’ ஆயிற்று. இதை ஜப்பானியரின் ‘குவான்துங்’ படையோடு குழப்பிக்கொள்ளும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தக் குவான்துங் ‘கணவாய்க்குக் கிழக்கே’ என்று பொருள்படும் வடகிழக்குச் சீனப் பெயர், இரண்டுக்கும் உறவில்லை.

1979 முதல் சீன அரசு தன் வெளிநாட்டு வெளியீடுகளில் சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையைக் கைக்கொண்டபின், ஆங்கில நாளேடுகளும் வரைபடங்களும் மெல்ல மெல்லக் குவாங்சோவுக்கு மாறின. ஆயினும் கான்டன் ஓய்ந்துவிடவில்லை. 1957 முதல் அங்கு நடைபெறும் மாபெரும் ஏற்றுமதிச் சந்தை ஆங்கிலத்தில் இன்றும் ‘கான்டன் ஃபேர்’ என்றே அறியப்படுகிறது. 2010இல் திறக்கப்பட்ட 600 மீட்டர் உயரக் கோபுரம் சீன மொழியில் ‘குவாங்சோ கோபுரம்’. ஆங்கிலத்திலோ அதன் முறையான பெயர் ‘கான்டன் டவர்’. பழைய பெயரின் மதிப்பை அந்நகரமே உணர்ந்து போற்றுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

மிகவும் கவனிக்க வேண்டியது ‘கான்டனீஸ்’ என்ற சொல். ஹாங்காங்கிலும் மக்காவிலும் பேசப்படுவதும், கோலாலம்பூர்த் தமிழர் அண்டைவீட்டுச் சீனரிடம் கேட்டுப் பழகியதுமான மொழி அது. அந்த மொழியினர் தம் பேச்சைக் ‘குவொங்துங்வா’, அதாவது குவாங்டொங் பேச்சு என்கின்றனர். ஆகவே நகரத்தின் மொழி என்று ஆங்கில வாசகர் எண்ணிக்கொள்ளும் அச்சொல், வேரில் பார்த்தால் மாகாணத்தின் பெயரையே இன்றும் சுமந்து நிற்கிறது. ஆனால் அந்த மாகாணம் முழுவதும் இம்மொழி பேசுகிறதா என்றால், இல்லை: கிழக்கே தியோச்சியூவும் மெய்சோ பகுதியில் ஹக்காவும் வழங்குகின்றன, மேற்கே உள்ள குவாங்சியிலோ கான்டனீஸ் பேசுவோர் ஏராளம். இதனால் மொழியியலார், இந்த மொழிக்குழு முழுமைக்கும் ‘யுவே’ என்ற பெயரை வைத்து, கான்டனீஸ் என்பதைக் குவாங்சோவின் செல்வாக்கான வழக்குக்கு ஒதுக்குகின்றனர்.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். இன்றைய நகரத்தைக் குவாங்சோ என்றும், மொழியைக் கான்டனீஸ் என்றும் எழுதுவோம். 1842இல் பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட நான்கிங் உடன்படிக்கையைத் தமிழாக்கும்போது மட்டும், அதில் உள்ளபடியே கான்டன் என்று எழுதி, அது முதன்முறை வரும் இடத்தில் குவாங்சோ என்பதை அடைப்புக்குள் தருவோம்.