அமெரிக்காவுல முடி வெட்டிக்கிட்டா டிப்ஸ் எவ்வளவு?

(திரையில்: சலூன் கவுன்ட்டர். ஒரு கை டேப்லெட்டை நம்ம பக்கம் திருப்பி வைக்குது.)

முடி வெட்டி முடிஞ்சது. பில் 30 டாலர். கார்டை நீட்டுறீங்க. கவுன்ட்டர்ல இருக்கிறவங்க டேப்லெட்டை உங்க பக்கம் திருப்பி வைக்கிறாங்க. அதுல பெருசா மூணு கட்டம்: 20 சதவீதம், 22, 25. கீழ பொடி எழுத்துல 'நோ டிப்'. வெட்டினவங்க ரெண்டடி தள்ளி நின்னு சீப்பைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. உங்களைப் பார்க்கலை. பார்க்காம இருக்கிறதுக்கு அவங்க கஷ்டப்படுறது நல்லாவே தெரியுது.

நான் இங்க வந்த முதல் மாசம், அந்த இடத்துல நின்னு மனசுக்குள்ள ரூபாய்க் கணக்குப் போட்டேன். இந்தக் காசுல ஊர்ல ஒரு வருஷம் முடி வெட்டிக்கலாமே, இதுக்கு மேல இன்னும் 6 டாலரா? பொடி எழுத்தை அழுத்திட்டு, "தேங்க்யூ"ன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். வெட்டினது நல்லாத்தான் இருந்தது. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற மதுரைக்காரர்கிட்ட இதைச் சொன்னப்ப, அவர் சாப்பிடுறதை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார். "அவங்க ஏதோ தப்புப் பண்ணிட்டாங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்திருக்கீங்க"ன்னார்.

புதுசா வந்தவங்க, பிள்ளைங்க வீட்டுக்கு ஆறு மாசம் வந்திருக்கிற அப்பா அம்மா, எல்லாருக்கும்தான் இந்த வீடியோ. ஹோட்டல் டிப்ஸைப் பத்தி ஏற்கனவே நிறையப் பேர் பேசிட்டாங்க. நம்ம உடம்பைத் தொட்டு வேலை செய்யிறவங்க, நம்ம வீட்டுக்குள்ள வந்து வேலை செய்யிறவங்க, இவங்களைப் பத்தி மட்டும் பேசலாம்.

(திரையில்: தீபாவளிக்கு வாசல்ல நிக்கிற தபால்காரர், ஓவியமா.)

நம்ம ஊர்ல இதுக்குப் பேரு இனாம். கூலி வேற, இனாம் வேற. கூலியைப் பேசி முடிவு பண்ணிக் குடுத்தாச்சு. அதுக்கு மேல சந்தோஷத்துக்கு ஒரு 20 ரூபாய், தீபாவளிக்கு ஒரு வேட்டி, ஒரு ஸ்வீட் பாக்கெட். குடுக்கலைன்னா கருமின்னு முணுமுணுப்பாங்க, அவ்வளவுதான். அவங்க வீட்டு வாடகை அந்த இனாமை நம்பி இல்லை.

அமெரிக்காவுல டிப், கூலிக்குள்ளயே புகுந்து உட்கார்ந்திருக்கு. இங்க வாடிக்கையாளர்தான் பாதிச் சம்பளப் பட்டுவாடா பண்ற ஆள். இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். அதனால முதல்ல இது எப்படி வந்ததுன்னு கொஞ்சம் பார்த்துடலாம்.

(திரையில்: பழைய ரயில், படுக்கை வசதிப் பெட்டி.)

உள்நாட்டுப் போர் முடிஞ்சது 1865ல. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்கு வேலை வேணும். அந்தச் சமயத்துல ஜார்ஜ் புல்மன்ங்கிற முதலாளி ரயில்ல படுக்கைப் பெட்டிகள் ஓட்ட ஆரம்பிச்சார். அதுல படுக்கை விரிக்க, ஷூ துடைக்க, பெட்டி தூக்க அவங்களைத்தான் வேலைக்கு எடுத்தார். சம்பளம் ரொம்பக் குறைச்சல். மீதியைப் பயணிங்க கை நீட்டிக் குடுக்கட்டும்ங்கிறதுதான் ஏற்பாடு. பயணிங்க அவங்க எல்லாரையும் 'ஜார்ஜ்'னே கூப்பிட்டாங்க. முதலாளி பேரு! சொந்தப் பேர்கூட மிஞ்சலை. அவங்க 1925ல ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில சங்கம் கட்டி, 12 வருஷம் மல்லுக்கட்டி, 1937லதான் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டாங்க.

அமெரிக்கர்களுக்கே ஒரு காலத்துல டிப் பிடிக்கலைங்கிறது இதுல வேடிக்கை. ஐரோப்பாவிலிருந்து தொத்திக்கிட்ட ராஜா காலத்துப் பழக்கம், குடியரசுக்கு ஆகாதுன்னு திட்டினாங்க. வாஷிங்டன் மாநிலம் 1909ல டிப்புக்குத் தடையே போட்டது. இன்னும் சில மாநிலங்களும் அதே மாதிரி போட்டுப் பார்த்தாங்க. 1926க்குள்ள எல்லாத் தடையும் காணாமப் போச்சு. சம்பளத்தை வேற ஒருத்தர் தலையில கட்டுற வசதியை எந்த முதலாளி விடுவார்?

1966ல அது சட்டத்துக்குள்ளயே வந்துடுச்சு. இன்னைக்கு மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009லருந்து அது ஏறவே இல்லை. ஆனா வழக்கமா மாசம் 30 டாலருக்கு மேல டிப் கிடைக்கிற வேலைன்னா, முதலாளி கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் குடுத்தாப் போதும். அந்த 2.13 எப்ப வெச்சதுன்னு நினைக்கிறீங்க? 1991ல. டிப்பும் சேர்ந்து 7.25 வரலைன்னா மீதியை முதலாளி போடணும்னு சட்டம் சொல்லுது. கேட்டு வாங்குற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்ங்கிறது வேற கதை.

இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா, நம்மாளுங்க நிறைய இருக்கிற இந்த மூணு இடத்துலயும் அதே 2.13தான். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரேகன் மாதிரி ஏழு மாநிலத்துல இந்தச் சலுகையே கிடையாது. முழுக் கூலி குடுத்தே ஆகணும், டிப் அதுக்கு மேலதான். நியூயார்க்ல ஹோட்டலுக்கு இன்னும் இருக்கு. ஆனா சலூன், நெயில் சலூன், கார் கழுவுற இடம் இதுக்கெல்லாம் 2020 கடைசியோட எடுத்துட்டாங்க. நெயில் சலூன் பெண்களுக்கு எவ்வளவு அடிமாட்டுக் கூலி குடுக்கிறாங்கன்னு 2015ல பத்திரிகையில வந்து ஊரே கொதிச்சுது. அந்தச் சூட்டுல இந்தச் சலுகை போக அஞ்சு வருஷம் ஆச்சு.

நெயில் சலூன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இங்க ஏன் எங்க பார்த்தாலும் வியட்நாம்காரங்களே நகம் அழகுபடுத்துறாங்க தெரியுமா? 1975ல போர் முடிஞ்சு அகதிகளா வந்த பெண்களை, கலிஃபோர்னியா முகாம்ல ஒரு ஹாலிவுட் நடிகை பார்க்கப் போனாங்க. அவங்க நகத்தை அந்தப் பெண்கள் ஆசையாப் பார்த்ததும், தன்னோட நகக்கலைஞரை வரவழைச்சு சுமார் 20 பேருக்குத் தொழில் கத்துக்குடுத்தாங்க. அங்கருந்து கிளைவிட்டதுதான் இவ்வளவும். அந்த நடிகை பேரு டிப்பி ஹெட்ரன். நான் வேணும்னு சொல்லலை, பேரே டிப்பிதான்.

(திரையில்: கத்தரி, சீப்பு, சில்லறை நோட்டுகள்.)

சரி, எவ்வளவு குடுக்கணும்?

முடி வெட்ட, கலர் அடிக்க, ஃபேஷியல், நகம், மசாஜ்: 15லருந்து 20 சதவீதம். பெரிய ஊர்கள்ல 20தான் வழக்கமாகிடுச்சு. 30 டாலர் வேலைக்கு 5, 6 டாலர். புருவம் த்ரெட்டிங் 10 டாலர்னா சதவீதம் பார்க்காதீங்க. 2, 3 டாலர் வைங்க. வெட்டுறவங்க ஒருத்தர், தலை அலசி விடுறவங்க வேற ஒருத்தர்னா, அலசினவங்க கையில தனியா 3லருந்து 5 டாலர். அந்தப் பொண்ணைத்தான் எல்லாரும் மறப்பாங்க.

கூப்பன் வெச்சு பாதி விலைக்கு ஃபேஷியல் பண்ணிக்கிட்டா, டிப் முழு விலைக்குக் கணக்குப் பண்ணணும். அவங்க பாதி முகத்துக்கு மட்டும் பண்ணலையே. அதே நேரத்துல, டேப்லெட் சில சமயம் வரியையும் சேர்த்து சதவீதம் போடும். வரிக்கு டிப் குடுக்க வேண்டியதில்லை; 'கஸ்டம்'னு ஒரு கட்டம் இருக்கும், அதுல தொகையை நீங்களே போடலாம். நடுவுல இருக்கிற 22ஐ அழுத்த வைக்கத்தான் பக்கத்துல 25ஐ வெச்சிருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம். நான் 20ஐத் தாண்டுறதில்லை, அதுக்காக வெட்கப்படுறதும் இல்லை.

முடிஞ்சா நோட்டாக் குடுங்க. டிப்ல முதலாளியோ மேனேஜரோ கை வைக்கக்கூடாதுன்னு 2018லயே சட்டம் தெளிவா சொல்லிடுச்சு. ஆனா கார்டுல போட்டா, கார்டு கம்பெனி எடுக்கிற கட்டணத்தை டிப்லருந்து கழிச்சுக்க நிறைய மாநிலங்கள்ல இடம் இருக்கு. நோட்டுன்னா முழுசாப் போய்ச் சேரும். வரி ஏய்ப்புக்கு வழி சொல்றதா நினைக்காதீங்க. 2025லருந்து 2028 வரைக்கும், முடி திருத்துறவங்க, நகக்கலைஞர்கள் மாதிரி டிப் வாங்குற தொழில்காரங்களுக்கு வருஷத்துக்கு 25,000 டாலர் வரைக்குமான டிப்புக்கு மத்திய வருமான வரியில கழிவு உண்டு. நோட்டா வந்தாலும் கார்டுல வந்தாலும் உண்டு. கணக்குல காட்டணும், அவ்வளவுதான். பில்லுல கட்டாயமாச் சேர்க்கிற சேவைக் கட்டணம் மட்டும் இதுல வராது. அதனால பில்லை ஒருமுறை பாருங்க. ஏற்கனவே 18 சதவீதம் சேர்த்திருந்தா அதுக்கு மேல குடுக்கத் தேவையில்லை.

இப்ப நான் கொஞ்சம் தடுமாறுற இடம். நிறைய சலூன்ல முடி வெட்டுறவங்க சம்பளக்காரங்களே இல்லை. வாரத்துக்கு இவ்வளவுன்னு நாற்காலியை வாடகைக்கு எடுத்து, தன்னோட ரேட்டைத் தானே வெச்சுக்கிறாங்க. அப்ப 2.13 கதை அவங்களுக்குப் பொருந்தாது. கடை முதலாளியே வெட்டினா இன்னும் குழப்பம்: முன்னாடி முதலாளிக்கு டிப் கிடையாதுன்னு ஒரு மரபு இருந்தது, இப்ப அது கரைஞ்சுக்கிட்டு வருது. நியாயமாப் பார்த்தா ரேட்டை ஏத்திட்டு டிப் வேண்டாம்னு சொல்லலாம், சிலர் சொல்லவும் செய்யிறாங்க. சொல்லாத இடத்துல நான் குடுத்துடறேன். தெரியலைன்னா முன்னாடியே ரிசப்ஷன்ல கேளுங்க, தினமும் கேட்கிற கேள்விதான் அவங்களுக்கு.

வேலை பிடிக்கலைன்னா? எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து சொல்லுங்க. "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் குறைக்கணும்"னா சிரிச்சுக்கிட்டே சரி பண்ணுவாங்க. நம்மாளுங்க கண்ணாடி முன்னாடி "சூப்பர்"னு தலையாட்டிட்டு, கவுன்ட்டர்ல டிப்பைக் குறைச்சுக் கோபத்தைக் காட்டுவாங்க. அவங்களுக்கு என்ன தப்புன்னே தெரியாது.

யாருக்கு வேண்டாம்? டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட்: நீட்டினா சங்கடப்படுவாங்க. ஸ்பா மசாஜுக்கு உண்டு, ஆஸ்பத்திரி பிசியோவுக்கு இல்லை. தபால்காரர் அரசு ஊழியர்: பணம் எவ்வளவுன்னாலும் வாங்கக்கூடாது. ஒரு தடவைக்கு 20 டாலருக்குள்ள ஒரு பொருள், வருஷத்துக்கு ஒருத்தர்கிட்ட இருந்து 50 டாலருக்குள்ள, இதான் விதி. டிசம்பர்ல ஒரு ஸ்வீட் டப்பாவோட நிறுத்திக்குங்க.

டிசம்பர்தான் இங்க தீபாவளி இனாம் காலம். வருஷம் பூரா ஒரே ஆள்கிட்ட முடி வெட்டிக்கிட்டா, ஒரு தடவை ஆகுற செலவை வாழ்த்து அட்டையில வெச்சுக் குடுப்பாங்க. வீடு சுத்தம் பண்ண வர்றவங்களுக்கும் ஒரு நாள் கூலி. குழந்தையைப் பார்த்துக்கிறவங்களுக்கு ஒரு வாரச் சம்பளம், மனசு இருந்தா ரெண்டு வாரம்.

(திரையில்: வெத்தலை பாக்குத் தட்டு.)

இனி நம்மாளுங்களுக்குள்ள. நியூஜெர்சியில நம்மாளுங்க நிறைய இருக்கிற எடிசன், ஓக் ட்ரீ ரோடு பக்கம் இருக்கிற பார்லருக்குப் போறீங்க, அந்த அக்கா தமிழ்ல பேசுறாங்க. உடனே மனசு ஊருக்குப் போயிடுது, சதவீதம் மறந்துடுது. அவங்க கடை வாடகை டாலர்லதான், மறக்காதீங்க. ஆனா அபார்ட்மென்ட்ல மருதாணி வைக்கிற தெரிஞ்ச அக்காவுக்கு 20 சதவீதம் கணக்குப் பண்ணிச் சில்லறை எண்ணிக் குடுத்தா, அது அசிங்கம். ரவுண்டாக் குடுத்து "மேல இருக்கிறது பாப்பாவுக்கு"ன்னு சொல்லிடுங்க. வேண்டாம்னு ஒரு தடவை சொல்வாங்க. ரெண்டாவது தடவை வாங்கிக்குவாங்க.

கிரகப்பிரவேசத்துக்குக் கோயில் மூலமா குருக்களைக் கூப்பிட்டா, ரசீது போட்ட தொகை கோயிலுக்குப் போகும். அவருக்குத் தட்சிணை தனி. அது டிப் இல்லை, அதனால சதவீதம் கிடையாது: 51, 101, தாம்பூலத்துல வெச்சு நமஸ்காரம். கூட்டி வந்து கொண்டு விடுறதும் நம்ம பொறுப்பு. என் நண்பன் ஒருத்தன் குருக்கள்கிட்ட மொபைல்ல பணம் அனுப்பி, "இன்க்ளூடிங் டிப்"னு குறிப்பும் எழுதிட்டான். அவங்க அம்மா இன்னும் அவனை மன்னிக்கலை.

கடைசியா, டிப் குடுக்காம வந்துட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சா என்ன பண்றது? ஒண்ணும் முழுகிடலை. ஒரு கவர்ல நோட்டை வெச்சு, மேல அவங்க பேரும் நீங்க போன தேதியும் எழுதி, ரிசப்ஷன்ல குடுத்துட்டு வந்துடுங்க. நான் ஒரு வாரம் கழிச்சு அப்படித்தான் போனேன். அவங்க பேரு தெரியலை, "சிவப்பு முடி வெச்சவங்க"ன்னு எழுதியிருந்தேன். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு படிச்சுட்டுச் சொன்னா: "இங்க மூணு பேர் சிவப்பு முடி."