கடைசி முட்டுக்கு அப்பால்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

சுரங்கம் என்றதும் நம்மில் பலருக்கு நெய்வேலிதான் நினைவுக்கு வரும். அங்கே மேல்மண்ணை முழுவதும் வாரி எடுத்துவிட்டு, திறந்த வெளியில் பழுப்பு நிலக்கரியை வெட்டுகிறார்கள். தலைக்கு மேல் வானம்தான். நான் பேச வந்திருப்பது ஜரியா, ராணிகஞ்ச், சிங்கரேணி போன்ற இடங்களில் உள்ள நிலத்தடிச் சுரங்கங்களைப் பற்றி. அங்கே, ஒரு பாறை அடுக்குக்கு அடியில் இருந்த நிலக்கரியை எடுத்துவிட்டு, அது இருந்த வெற்றிடத்திலேயே மனிதன் நின்று வேலை பார்க்கிறான். அந்தப் பாறை அடுக்குதான் அவனுக்குக் கூரை.

அந்தக் கூரையை எது தாங்குகிறது? ஒரு சிறிய கணக்குப் போடலாம். பாறை கனமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எடை. 200 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் 500 டன் அழுத்திக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு விதிப்படி சுரங்கப் பாதையின் அகலம் 4.8 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அப்படிப்பட்ட பாதையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு மட்டும் மேலே 2,400 டன். இதை மரக்கட்டை தாங்காது, இரும்பும் தாங்காது. ஆனால் தாங்க வேண்டிய அவசியமும் இல்லை. பாதையை வெட்டியதும் அந்தப் பாரம் இரு பக்கமும் விட்டுவைத்த நிலக்கரித் தூண்களுக்கு நகர்ந்துவிடுகிறது. நடுவில், கூரையின் அடிப்பகுதியில், ஒரு துண்டு மட்டும் தன் பிடியை இழந்து தொங்கும். அது ஒரு மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால் மீட்டர் நீளத்துக்கு 12 டன். மலையைத் தூண் பார்த்துக்கொள்ளும். கீழிருந்து கொடுக்கும் முட்டும், கூரைக்குள் செருகும் போல்ட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியது இந்த 12 டன்னை.

தூண் தன் வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சாட்சி. 1960 ஜனவரி 21 அன்று அந்தச் சுரங்கத்தில் நூற்றுக்கணக்கான தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. ஒரு தூண் போனால் அதன் பாரம் பக்கத்துத் தூணில் ஏறும். அதுவும் போனால் அதற்கடுத்ததில். 435 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பே, 1959 டிசம்பர் இறுதியில், அதே சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்திருந்தது. எச்சரிக்கை வந்தது, வேலை நிற்கவில்லை. இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் தூணின் வலிமையைக் கணக்கிடும் முயற்சி ஒழுங்காகத் தொடங்கியது. சாலமன், மன்றோ என்ற இருவர் நின்ற தூண்கள் 98, இடிந்த தூண்கள் 27 என்று 125 இடங்களின் அளவுகளைத் திரட்டி 1967இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். தூண் அகலமானால் வலிமை கூடும், உயரமானால் குறையும் என்பதை அது எண்களாக்கியது. இன்றும் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் நான் இங்கே அழுத்திச் சொல்ல வந்தது கோல்புரூக்கை அல்ல. பெரிய விபத்துக்கு விசாரணைக் குழு வரும், அமைச்சர் வருவார், நினைவுத்தூண் எழும்பும். நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை பெரும்பாலும் அப்படிக் கொல்வதில்லை. ஒருவர், இருவர் என்று, பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில்கூட இடம் பிடிக்காத வகையில் கொல்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரைக் கொன்றது கூரை இடிந்து விழுந்ததுதான். வெடிவிபத்துகள் உலகத்தை உலுக்கின. கூரை சத்தமில்லாமல் அவற்றை முந்தியது.

எங்கே விழுகிறது? பெரும்பாலும் வெட்டுமுகத்தை, அதாவது நிலக்கரியை வெட்டிக்கொண்டிருக்கும் முனையை, ஒட்டிய சில மீட்டருக்குள். இப்போதுதான் வெடிவைத்து நிலக்கரி சரிந்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக மூடியிருந்த பாறை முதல்முறையாகத் திறந்து கிடக்கும். அதற்கு இன்னும் முட்டு இல்லை. புகை கலைந்ததும், பாதுகாப்பைக் கவனிக்கும் மேற்பார்வையாளரான சர்தார் முதலில் போய்க் கூரையைத் தட்டிப் பார்ப்பார். ஒரு கையில் இரும்புக் கம்பி, மறு கை விரல்கள் கூரையில். கணீரென்று ஒலித்தால் பாறை பிடிப்போடு இருக்கிறது. பொத்தென்று ஒலித்து, விரல்நுனியில் அதிர்வு தெரிந்தால் அந்த அடுக்கு பிரிந்துவிட்டது. அதைக் கீழே தள்ளிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அடுக்கு தடிமனாக இருந்தால், மேலே பிரிந்திருந்தாலும் கணீரென்றுதான் ஒலிக்கும். அனுபவசாலிகளையும் ஏமாற்றியிருக்கிற ஒலி அது.

பிறகு முட்டு. நம் சுரங்கங்களில் நெடுங்காலம் சால் மரம்தான். கட்டையை நிறுத்தி, தலையில் ஒரு பலகை வைத்து ஆப்பு அடித்து இறுக்குவார்கள். அதிகப் பாரம் வரும் இடத்தில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி 'சாக்' கட்டுவார்கள். மரத்துக்கு ஒரு குணம் உண்டு: உடைவதற்கு முன் முனகும். நார்நாராகப் பிளக்கும். அந்தச் சத்தம் கேட்டு ஓடித் தப்பியவர்கள் எல்லாச் சுரங்கத்திலும் உண்டு. அதனால்தான் இரும்பு போல்ட் வந்தபோது தொழிலாளிகள் அதை நம்பவில்லை. போல்ட் பேசாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து.

போல்ட் என்பது இதுதான். கூரையில் மேல்நோக்கி ஒன்றரை முதல் இரண்டரை மீட்டர் வரை துளை போடுவது. இரும்புக் கம்பி ஒன்றைச் செருகுவது. சிமெண்ட் அல்லது ரெசின் குப்பியால் பாறையோடு ஒட்டவைப்பது. கீழே தகடு வைத்து மரை இறுக்குவது. மேலே உறுதியான அடுக்கு இருந்தால் தளர்ந்த அடுக்கு அதிலிருந்து தொங்கும். உறுதியான அடுக்கே எட்டாவிட்டாலும் பயன் உண்டு. இதோ இந்த மேசையில் இருக்கும் தடித்த நூலை இரு முனையிலும் பிடித்தால் நடுவில் தொய்கிறது. பக்கங்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதால் வரும் தொய்வு அது. எல்லாப் பக்கங்களையும் துளைத்து இறுக்கிக் கட்டினால் இதுவே பலகையாகிவிடும். பாறையைப் பாறையே தாங்கும்படி செய்வதுதான் போல்ட்டின் வேலை. முட்டு கீழிருந்து தாங்குகிறது; போல்ட் உள்ளிருந்து தைக்கிறது.

1940களின் இறுதியில் அமெரிக்கச் சுரங்கப் பணியகம் இதை ஊர் ஊராக எடுத்துச் சென்று பரப்பியது. நிறுவனங்கள் ஆர்வமாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் உயிர்மீது வந்த திடீர்ப் பாசம் அல்ல. அப்போதுதான் பெரிய இயந்திரங்கள் சுரங்கத்துக்குள் வந்துகொண்டிருந்தன. முட்டுக் காட்டுக்குள் இயந்திரம் திரும்ப முடியாது. போல்ட் போட்டால் தரை காலியாகிவிடும். சில ஆண்டுகளுக்குள் புதுமுறை நாடெங்கும் பரவிவிட்டது.

இனிச் சாவு குறைய வேண்டும் அல்லவா? பத்தாண்டுக்கு மேலாகியும் கூரைச் சாவு விகிதம் எதிர்பார்த்தபடி இறங்கவில்லை! இந்தச் செய்திக்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களைச் சுற்றி அழைத்துவந்தேன். வலிமையான தாங்கல் கிடைத்ததும் அந்த வலிமையை வேகமாக மாற்றிக்கொண்டார்கள். வேண்டிய எண்ணிக்கையைவிடக் குறைவாகப் போல்ட் போட்ட இடங்கள் பல. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: போல்ட் போடுகிறவன் எங்கே நிற்கிறான்? போல்ட் இல்லாத கூரைக்கு அடியில்தான். கூரையைக் காக்கப் போனவனுக்குக் கூரை இல்லை.

1968 நவம்பரில் மேற்கு வர்ஜினியாவின் ஃபார்மிங்டனில் வெடிவிபத்து நடந்து 78 பேர் இறந்தார்கள். அதன் சூட்டில் 1969இல் புதிய சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெடிவிபத்துக்காக வந்த சட்டம்தான். ஆனால் ஒவ்வொரு சுரங்கமும் கூரைக்கு எழுத்துப்பூர்வமான திட்டம் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் அது கட்டாயப்படுத்தியது. கடைசி வரிசைத் தாங்கலைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்ற விதி இறுகியது. பிறகு, துளைபோடும் இயந்திரத்திலேயே ஒரு தற்காலிகத் தாங்கு கையைப் பொருத்தினார்கள். முதலில் அது நீண்டு கூரையை அழுத்திப் பிடிக்கும்; அதன் பின்னால் நின்று மனிதன் போல்ட் போடுவான். ஒருகாலத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் பலிகொண்ட கூரை அங்கே ஒருவரைக்கூடக் கொல்லாத ஆண்டும் இப்போது வந்திருக்கிறது. கம்பியின் தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் மனிதன் நிற்கும் இடம் மாறியதுதான் பெரிய மாற்றம் என்று நான் எண்ணுகிறேன்.

நம் நாட்டில் 1987இல் தன்பாத் ஆய்வாளர்கள் கூரைக்கு மதிப்பெண் போடும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். நூறு மதிப்பெண். அடுக்கின் தடிமனுக்கு 30, பிளவு போன்ற அமைப்புகளுக்கு 25, ஈரம்பட்டுச் சிதையாமல் நிற்கும் தன்மைக்கு 20, பாறையின் வலிமைக்கு 15, நீர்க்கசிவுக்கு 10. கவனியுங்கள், வலிமைக்கு நான்காம் இடம்தான். உறுதியான பாறையே மெல்லிய ஏடுகளாக அடுக்கப்பட்டிருந்தால் கூரையாக உதவாது. இந்த மதிப்பெண்ணை வைத்து எத்தனை போல்ட், எவ்வளவு இடைவெளி என்று வரைபடம் போடுகிறார்கள். வரைபடம் ஓவர்மேன் என்ற மேற்பார்வையாளரின் அறையில் சுவரில் தொங்கும். ஷிப்ட் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது, இலக்குக்கு இன்னும் சில டப்பா நிலக்கரி குறையும்போது, அது வெட்டுமுகத்தில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. கூலியை டன் கணக்கில் வைத்துவிட்டு முட்டுப் போடும் நேரத்துக்குக் காசு இல்லை என்றால், சுவரொட்டி ஒட்டி என்ன பயன்?

கடைசியாக ஒன்று. முட்டு போடுவதைப் பற்றியே பேசினேன். போட்ட முட்டுகளை எடுக்கும் வேலையும் இருக்கிறது. ஒரு பகுதியில் பாதைகள் வெட்டி முடித்த பிறகு, விட்டுவைத்த தூண்களையும் கரிக்காக வெட்டி எடுப்பார்கள். அங்கே கூரை விழத்தான் வேண்டும். விழாமல் பெரிய பரப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பாரம் வேலை நடக்கும் பக்கத்துத் தூண்களில் ஏறும். ஒருநாள் மொத்தமாகச் சரிந்தால் அடியில் இருந்த காற்று புயலாகி ஆட்களைத் தூக்கி வீசும். ஆகவே முட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக் கூரையை விழவைக்க வேண்டும். முன்பு ஒருவன் முட்டின் அருகில் போய், சம்மட்டியால் அடித்துச் சாய்த்துவிட்டு ஓடுவான். 1895இல் இங்கிலாந்தின் வால்டர் சில்வெஸ்டர் என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பல்வைத்த இரும்புச் சட்டம், ஒரு கைப்பிடி, ஒரு நீளச் சங்கிலி, அவ்வளவுதான். சங்கிலியை முட்டில் மாட்டிவிட்டுத் தாங்கல் உள்ள கூரைக்கு அடியில் வந்து நின்று, கைப்பிடியை ஆட்டி ஆட்டி இழுக்கலாம். தூரத்திலிருந்து முட்டை உருவும் இத்தகைய கருவியைப் பயன்படுத்துவது நம் நிலக்கரிச் சுரங்க விதிகளிலும் கட்டாயம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.