அந்த ஏக்கம் கல்லா இளமைக்கே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு முதியவர் தம் பழைய நாட்களை நினைத்து உருகுகிறார். அந்த உருக்கம் காதலுக்கா, இளமைக்கா என்பதுதான் இன்றைய வழக்கு. ‘மகளிரொடு கைபிணைந்து, தழுவுவழித் தழீஇ’ என்று அவரே வாய்விட்டுப் பாடிவிட்டாரே, இது காதல் இல்லாமல் வேறென்ன என்று கேட்டார்கள் எதிரணியினர். அந்த மூன்றாம், நான்காம் அடிகளில் காதலின் மணம் வீசுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டு 14 அடி. மீதியையும் கேட்க வேண்டாமா?

மணலில் பாவை செய்து, பூச்சூட்டி, குளத்தில் ஆடுகிறார்கள் பெண்கள். அவர்களோடு கைகோத்து ஆடுகிறான் இளைஞன். பிறகு துறையில் தாழ்ந்து கிடக்கும் மருதமரக் கிளையில் ஏறுகிறான். கரையில் நிற்பவர்கள் மிரள, நீர்த்துளிகள் சிதற, ஆழமான மடுவில் துடுமெனக் குதிக்கிறான். மூழ்கி அடிமணலை அள்ளி வருகிறான். பெண்களோடு ஆடியதற்கு இரண்டடி, மரமேறிக் குதித்து மணல் எடுத்ததற்கு ஐந்தடி. பாடியவர் மனம் எங்கே நின்றிருக்கிறது பாருங்கள்.

இலக்கணத்தையும் சாட்சிக்கு அழைக்கிறேன். கைபிணைந்து, தழீஇ, தூங்கி (அசைந்தாடி), ஏறி, பாய்ந்து, குளித்து என்று ஆறு வினையெச்சங்கள். ஒன்றாவது தனித்து முடிகிறதா? எல்லாம் ஓடிப்போய் ‘மணற்கொண்ட’ என்ற பெயரெச்சத்தில் சேர்கின்றன. அது கொண்டு முடியும் பெயர் ‘கல்லா இளமை’. ‘அளிதோ தானே’ என்று அவர் இரங்குவதும் அதற்குத்தான். ‘யாண்டு உண்டு கொல்லோ’ என்று தேடுவதும் அதைத்தான். அவள் எங்கே என்று கேட்கவில்லை ஐயா, அந்த இளமை எங்கே என்று கேட்கிறார். கேட்கவும் அங்கே ஒரு ‘அவள்’ இல்லை. ‘மகளிர்’ என்று பன்மையில்தான் இருக்கிறது.

ஐந்தாம் அடியை எதிரணியினர் தொடவே இல்லை. ‘மறைஎனல் அறியா மாயமில் ஆயம்.’ ஒளிவு மறைவு என்றால் என்னவென்றே தெரியாத, வஞ்சனை இல்லாத கூட்டம். மணத்துக்கு முந்திய காதலுக்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயரே களவு. ஊர் அறியாமல், தாய் அறியாமல் நடப்பது. மறைக்கத் தெரியாத இடத்தில் களவு எப்படி இருக்கும்? காதல் நுழைவதற்கு முந்தைய வயது அது. அதனால்தான் அதைக் ‘கல்லா’ இளமை என்கிறார்.

அந்த மணல் பெண்களின் பாவைக்காகத்தானே என்றார் எதிரணித் தோழி. அழகான வாதம். ஆனால் பாவை செய்யும் மணல் கரையிலேயே கிடக்கிறது. ஆழத்து மணலை எதற்காக அள்ள வேண்டும்? நீரில் குதித்தவன் அடிவரை போனானா, பாதியில் திரும்பினானா என்பது கரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அடியைத் தொட்டேன் என்பதற்கு அவன் காட்டும் சான்று அந்தக் கைப்பிடி மணல்தான். மூச்சை அடக்கும் வலிமை இருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

அந்த மூச்சு இப்போது என்ன ஆயிற்று? ‘இருமிடை மிடைந்த சிலசொல்’, இருமலுக்கு இடையே நெருக்கிக்கொண்டு வரும் சில சொற்கள். இந்தப் பாட்டு ஆசிரியப்பா. அதில் அடிக்கு நான்கு சீர். அதில் ஒரு வகையான நேரிசை ஆசிரியப்பாவுக்கு ஈற்றயலடியில், அதாவது கடைசிக்கு முந்தைய அடியில், மட்டும் மூன்று சீர். அது எல்லோருக்கும் பொதுவான விதிதான். ஆனால் இவர் இருமலைக் கொண்டுபோய்ச் சரியாக அந்த அடியில் வைத்திருக்கிறார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அந்த இடத்தில் மூச்சு ஒரு சீர் குறைவது காதில் கேட்கும்.

காதலை இழந்தவன் தனிமையைச் சொல்லி அழுவான். இவர் சொல்வது நடுக்கம், இருமல், ஊன்றுகோல். எதைச் சொல்லி அழுகிறாரோ அதை வைத்துத்தானே எதை இழந்தார் என்று சொல்ல முடியும்?

தொகுத்தவர்களும் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். காதலைப் பாடும் அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம். இந்தப் பாட்டில் எந்தப் பெயரும் இல்லை. அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 அடி வரை வரும். இதுவோ 14 அடி. காதல் பாட்டு என்று நினைத்திருந்தால் அங்கே சேர்க்க அடியளவும் தடையில்லை, பெயரும் தடையில்லை. ஆனாலும் புறநானூற்றில் வைத்தார்கள். திணை பொதுவியல், துறை கையறுநிலை என்றார்கள். கையறுநிலை இறந்தவரை எண்ணிக் கலங்கும் துறை. இங்கே இறந்துபோனது யார்? இளமைதான்.

பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராக வைத்தார்கள். கைபிணைந்த அடியிலிருந்து எடுத்திருக்கலாம். மருதமரத்து அடியிலிருந்தும் எடுத்திருக்கலாம். எடுத்தது பன்னிரண்டாம் அடியிலிருந்து, தலையில் பூண் கட்டிய பெரிய ஊன்றுகோலை. தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அவரை இன்றுவரை அழைக்கிறோம், நடுவர் அவர்களே.