பச்சை சிவந்தாச்சு, ஏர் ஸ்டோன்தான் உயிரை வாங்குகிறது

வணக்கம் மக்களே. முதலில் இந்தப் பாட்டிலைப் பாருங்கள். இரும்பிலிருந்து ஆற்றல் எடுக்கும் ஒரு கிருமியை அமிலக் கரைசலில் வளர்க்கிறேன், தங்கச் சுரங்கத்தில் வேலை செய்யும் வகை. போன வீடியோவில் வெளிர் பச்சையாக இருந்த அதே இரும்புக் கரைசல், இப்போது செங்காவி! பச்சை ஃபெரஸ் இரும்பு, கிருமி அதை ஆக்சிஜனேற்றம் செய்தால் சிவப்பு ஃபெரிக். பக்கத்தில் இருப்பது கிருமி விடாத பாட்டில். அதற்கும் அதே அமிலம், அதே காற்று. இன்னும் பச்சையாகவே கிடக்கிறது.

சந்தோஷத்தைக் கெடுத்தது இந்த ஏர் ஸ்டோன். காற்றைச் சின்னக் குமிழியாக்க மீன் தொட்டிக்குப் போடும் 30 ரூபாய்க் கல். மஞ்சளாகப் படிவு ஏறி அடைத்துக்கொள்கிறது, மாற்றினால் மறுபடியும் அடைக்கிறது. "இவ்வளவு கல் வாங்குறீங்களே, என்ன மீன் வளர்க்கிறீங்க?" என்று கடைக்கார அண்ணன் கேட்கிறார். பிஹெச் 1.8 அமிலத்தில் எந்த மீன் அண்ணா வாழும்? அந்த மஞ்சள், ஜாரோசைட் என்ற இரும்புக் கனிமம். கிருமி இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது அமிலம் செலவாகும். அமிலம் குறைந்து பிஹெச் 2-ஐத் தாண்டினால் போதும், ஃபெரிக் இரும்பு பொட்டாசியத்தையும் சல்பேட்டையும் சேர்த்துக்கொண்டு கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடும். கடைசியில் கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் குழாயை விட்டேன். குமிழி பெரிசுதான், ஆனால் ஓடுகிறது!

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. சர்க்கரை போடவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நம் கிருமி அசிடிதியோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ், இரும்பிலிருந்து ஆற்றல் எடுத்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடில் உடம்பை வளர்க்கும். இரும்புக்கு நாட்டு மருந்துக்கடை அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட்.

அப்புறம் "தங்கம் தின்னும் பாக்டீரியா" என்று தலைப்பு வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தங்கத்தை அது தொடுவதே இல்லை. தென்னாப்பிரிக்காவில் பார்பர்ட்டன் அருகே ஃபேர்வியூ சுரங்கம், 1986-இல் கிருமியை வைத்துத் தங்கத் தாதுவைக் கரைப்பதைத் தொட்டியில் செய்யத் தொடங்கினார்கள். அங்கே தங்கம் பைரைட், ஆர்சனோபைரைட் என்ற சல்பைடு (கந்தகம் கலந்த) கனிமங்களுக்குள் சிக்கிக் கிடக்கும். தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு உள்ளே நுழையாது. ஃபெரிக் இரும்பு அந்தக் கனிமத்தைக் கரைத்துத் தான் ஃபெரஸ் ஆகிவிடும், கிருமி அதைத் திரும்ப ஃபெரிக் ஆக்கும். தங்கம் மிச்சத் திடப்பொருளில் வெளியே தெரிய நிற்கும், அதற்குப் பிறகுதான் சயனைடு. பழைய வழி, தாதுவை வறுப்பது. கந்தக டை ஆக்சைடும் ஆர்சனிக்கும் புகையாகப் போகும். வறுவல் எனக்குக் கோழியில் மட்டும்தான் பிடிக்கும். தொட்டி முறையில் ஆர்சனிக் கரைசலில் இருக்கும், சுண்ணாம்புக்கல் போட்டு ஃபெரிக் ஆர்சனேட்டாகப் படிய வைப்பார்கள்.

அவர்கள் கவலை ஏர் ஸ்டோன் இல்லை, சூடு. சல்பைடு கரையும்போது அவ்வளவு வெப்பம் வரும். தொட்டிக்குள் குளிர்நீர்ச் சுருள் ஓட்டி 40 டிகிரியை ஒட்டி நிறுத்துகிறார்கள். இன்னொன்று, அந்தச் சூட்டிலும் ஃபெரிக் மிகுதியிலும் நம் ஆள் தாக்குப்பிடிப்பதில்லை, லெப்டோஸ்பிரில்லம் என்ற வேறொரு கிருமிதான் ராஜா. நம் ஆளுக்கு 30 டிகிரி சுகம்.

அடுத்த வீடியோவில் பைரைட் போடப் போகிறேன். மாவாக அரைக்க வேண்டும், அம்மா மிக்சியைத் தர மாட்டேன் என்கிறார். பழைய மிக்சி இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், திருப்பிக் கேட்கக் கூடாது.