வருகை மட்டும் போதுமா?

நண்பர்களே, நம்ம எம்.பி. சபைக்கு ஒழுங்காகப் போகிறாரா என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. கேளுங்கள், தப்பில்லை. ஆனால் மக்களவை வருகைப் பதிவேட்டிலிருந்து என்ன தெரியும்? அன்றைக்கு வந்து வருகையைப் பதிந்தார், அவ்வளவுதான். தினப்படிக்கும் அதுதான் கணக்கு. பத்து நிமிடத்தில் கிளம்பினாரா, ராத்திரி வரை உட்கார்ந்தாரா, அதெல்லாம் அதில் கிடையாது. அமைச்சர்கள் வருகையைப் பதியவே வேண்டாம்.

சரி, எப்படி வாக்களித்தார்? பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிந்துவிடும். யார் ‘ஆம்’ என்றார் என்று எந்த ஏட்டிலும் பெயர் இருக்காது. டிவிஷன், அதாவது ஒவ்வொருவர் வாக்கையும் தனித்தனியாக எண்ணும் வாக்கெடுப்பு, நடந்தால்தான் பெயர் பதிவாகும். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும், இரண்டு வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. 2023இல் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு மக்களவையில் 454 ஆதரவு, 2 எதிர்ப்பு என்று துல்லியமாகத் தெரிகிறதே, அது எப்படி? அரசியல் சட்டத் திருத்தத்துக்கு டிவிஷன் நடத்தியே ஆக வேண்டும், அதனால்தான். அப்படிப் பெயர் தெரிந்தாலும், இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு இருக்கிறது. மீறினால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். ஆக, அந்த வாக்கில் பெரும்பாலும் நாம் பார்ப்பது கட்சியின் முடிவைத்தான்.

என்னைக் கேட்டால், வேட்புமனுவோடு தரும், சொத்து, கடன், வருமான விவரம் அடங்கிய பிரமாணப் பத்திரத்தைத்தான் முதலில் எடுப்பேன். உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்புச் சொன்னதால் நமக்குக் கிடைத்தது அது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. 2019, 2024 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ‘சொத்து மூன்று மடங்கு’ என்று தலைப்புப் போடுவார்களே, அதை நான் பெரிதாக எடுப்பதில்லை. தாத்தா நிலத்தின் விலை ஏறினாலும் மடங்கு ஏறும். அசையாச் சொத்துப் பகுதிக்குப் போங்கள். சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை மூன்றும் இருக்கும். பழைய பிரமாணப் பத்திரத்தில் இல்லாத சர்வே எண் புதியதில் வந்திருந்தால், அந்த விலையையும் வருமான வரிக் கணக்கில் காட்டிய ஐந்தாண்டு வருமானத்தையும் ஒப்பிடுங்கள். அப்புறம் கடன் பகுதியைப் பாருங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நியாயமான பதில் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்! பொய்த் தகவல் தந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ஜெயித்த பிறகு? பதவியேற்ற 90 நாளுக்குள் சொத்து விவரத்தைச் சபாநாயகரிடம் கொடுக்க வேண்டும். அவர் எழுத்துமூலம் அனுமதித்தால்தான் நாம் அதைப் பார்க்க முடியும். அந்த விதியை மாற்றச் சொல்லி நம் எம்.பி.யிடமே ஒரு மனுக் கொடுப்போம். வாங்கிக்கொள்கிறாரா பார்க்கலாம்.