முதல் மணியில் சரிந்த மாணவி

நேயர்களுக்கு வணக்கம். 20 ஆண்டுகளுக்கு மேலாக அரசு கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற பருவத்தில் ஒரு திங்கட்கிழமை, முதல் மணியில், இரண்டாம் வரிசை மாணவி ஒருத்தி பெஞ்சிலேயே சரிந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன்.

"டீ குடித்தேன் சார்."

5.45 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வருகிறவள். அந்த நேரத்தில் எந்த வீட்டில் உலை கொதிக்கும்?

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை மதியச் சத்துணவு உண்டு. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்துவிட்டது. 18 வயதானால் பசிக்காது என்று முடிவு கட்டியவர் யாரோ! புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. அந்த மாதத்துப் பணம் அப்பாவின் மருந்துக்குப் போயிருந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.5. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதையும் டீயோடு விழுங்கியிருக்கிறாள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சைச் சாறோடு சாப்பிடு என்று செவிலியர் சொன்னபோதுதான் எனக்கே அது தெரிந்தது.

எல்லாருக்கும் இந்த மாத்திரை போதாது. இரவு ஒரு மணி வரை பரோட்டா கடையில் மாவு பிசைந்துவிட்டு வருகிறவனுக்கு வேண்டியது தூக்கம். மலைக்கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தனியாக அழுகிறவளுக்குப் பேச ஒரு ஆள் வேண்டும். அவளுக்காகவே 14416 என்ற எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அது டெலிமனாஸ் மனநல உதவி எண். நடுநிசியிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பார்வையற்ற மாணவனுக்கோ, தேர்வு எழுதித்தர ஆள் பிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. வருகைப் பதிவேட்டுக்கு இதெல்லாம் தெரியாது. 75 சதவீதம் இருக்கிறதா என்பதுதான் அதன் ஒரே கேள்வி.

இப்போது எங்கள் துறை அறை வாசலில் ஒரு எவர்சில்வர் டப்பா இருக்கிறது. கடலை உருண்டையும் பேரீச்சையும் ஆசிரியர்கள் முறைவைத்து நிரப்புகிறோம். யார் எடுக்கிறார்கள் என்று குறித்துவைக்கப் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கலாமே என்றார் சக ஆசிரியர் ஒருவர். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். பெயர் எழுதச் சொன்னால், பசித்தவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

புதன்கிழமைக்குள் டப்பா காலியாகிவிடுகிறது.

நன்றி, வணக்கம்.